இத்தாலியில் வாடகைக் கார் ஓட்டினோம், இப்போது வீட்டுக்கு அபராதம் வந்திருக்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2018 அக்டோபரில் அம்மா, அப்பா, மனைவி, தங்கை என்று ஐந்து பேராக டஸ்கனி போயிருந்தோம். காரை நான்தான் ஓட்டினேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, ஹோட்டல் வாசல் வரை கொண்டுபோய் இறக்கிவிடலாம் என்று ஃபுளோரன்ஸில் பழைய ஊருக்குள் வண்டியைத் திருப்பினேன். யாரும் நிறுத்தவில்லை, ஒரு விசில்கூட ஊதவில்லை. ஒன்பது மாதம் கழித்து திருச்சி வீட்டுக்குப் பதிவுத் தபாலில் அபராதம் வந்தது. அதன் பிறகு ஐரோப்பா போகிற நண்பர்கள், உறவினர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலர் என்னிடம் இதைக் கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இது இத்தாலிக்கு மட்டும் பொருந்தும். மற்ற நாடுகளில் விதிகள் வேறு.

கிரெடிட் கார்டில் வாடகைக் கார் நிறுவனம் 50 யூரோ பிடித்திருக்கிறது. அதுதான் அபராதமா? கட்டி முடித்தாயிற்றா?

இல்லை. எல்லோரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான், அதனால்தான் இதை முதலில் வைத்திருக்கிறேன். நகராட்சிப் போலீஸ் முதலில் வண்டியின் சொந்தக்காரரான வாடகை நிறுவனத்துக்கு எழுதிக் கேட்பார்கள், அன்றைக்கு இந்த வண்டி யார் கையில் இருந்தது என்று. நிறுவனம் உங்கள் பெயரையும் முகவரியையும் எடுத்துக் கொடுக்கும். அப்படி எடுத்துக் கொடுத்த வேலைக்கான கூலிதான் கார்டில் பிடித்த தொகை. ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் அது இருக்கும், நீங்களும் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். உண்மையான அபராதம் அதற்கப்புறம் பல வாரமோ பல மாதமோ கழித்துத் தனியாக வரும்.

எனக்கு ஜனவரியில் கார்டில் இரண்டு முறை பணம் போனது. இரண்டு நாள் இரண்டு இடத்தில் நுழைந்திருக்கிறேன் என்பது அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் வங்கிக்குப் போன் செய்து சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் அதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள். இப்படி ஒரு தொகை பிடித்தால், 'தபால் வரப்போகிறது, தயாராக இரு' என்று அதற்கு அர்த்தம்.

போலீஸ்காரர் யாருமே பார்க்கவில்லையே, பிறகு எப்படி?

கேமரா. இத்தாலியில் ஃபுளோரன்ஸ், பீசா, சியெனா, பொலோஞ்ஞா, ரோம் என்று பழைய நகர் மையம் உள்ள பல ஊர்களில் 'வாகனக் கட்டுப்பாட்டு மண்டலம்' என்று ஒன்று உண்டு. இத்தாலியப் பெயரைச் சுருக்கி இசட்.டி.எல். என்பார்கள். அங்கே குடியிருப்பவர்கள், டாக்ஸி, பேருந்து, அனுமதி வாங்கிய சரக்கு வண்டி ஆகியவைதான் உள்ளே போகலாம். ஒவ்வொரு நுழைவாயிலிலும் ஒரு கேமரா நம்பர் பிளேட்டைப் படிக்கும், அனுமதிப் பட்டியலில் அந்த எண் இல்லையென்றால் படத்தோடு பதிவாகிவிடும்.

நுழைவாயிலில் கம்பமோ தடுப்போ இருக்காது. சாதாரணத் தெரு மாதிரியே இருக்கும். நம் கண் எதிரேயே நான்கு வண்டி உள்ளே போகும், எல்லாம் உள்ளூர்க்காரர்கள் வண்டி. நாமும் பின்னாலேயே போய்விடுவோம்.

பலகையை எப்படி அடையாளம் கண்டுகொள்வது?

வெள்ளை வட்டம், சுற்றிலும் சிவப்பு விளிம்பு. அதன் கீழே நேரம் போட்டிருக்கும். பக்கத்தில் மின்னணுப் பலகை இருந்தால் அதில் 'வார்கோ அத்தீவோ' என்று எழுதியிருக்கும். வார்கோ என்றால் நுழைவாயில், அத்தீவோ என்றால் செயல்பாட்டில் இருக்கிறது. கேமரா வேலை செய்கிறது, உள்ளே வராதே என்று பொருள். 'நுழைவாயில் இயங்குகிறது, அப்படியானால் திறந்திருக்கிறது போல' என்று நினைத்துத் தைரியமாக உள்ளே போனவர்கள் நிறையப் பேர். நடுவில் 'நோன்' சேர்ந்து 'வார்கோ நோன் அத்தீவோ' என்று வந்தால்தான் போகலாம்.

இன்னொன்று, நேரத்துக்குப் பக்கத்தில் குறுக்கே வைத்த இரண்டு சுத்தியல் படம் இருந்தால் அது வேலை நாள். இத்தாலியில் சாலைப் பலகையைப் பொறுத்தவரை சனிக்கிழமையும் வேலை நாள்தான். சிலுவைக் குறி இருந்தால் ஞாயிறும் விடுமுறை நாளும். சனிக்கிழமைதானே என்று போய் மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

போனில் மேப் போட்டிருக்கிறேன், அது பார்த்துக்கொள்ளும் என்று நம்பிவிடாதீர்கள். எனக்கு வழி காட்டிய மேப் நேராக அந்தத் தெருவுக்குள்தான் கூட்டிக்கொண்டு போனது.

எங்கள் ஹோட்டலே அந்த மண்டலத்துக்குள்தான் இருந்தது. அப்போதுமா அபராதம்?

ஹோட்டல் உங்கள் வண்டி எண்ணை நகராட்சிக்குச் சொல்லியிருந்தால் பொதுவாக அபராதம் வராது. சொல்லவில்லை என்றால் வரும். ஹோட்டல்காரர் தானாகச் செய்துவிடுவார் என்று இருக்கக்கூடாது. வண்டியைக் கையில் வாங்கிய உடனேயே நம்பர் பிளேட்டைப் போட்டோ எடுத்து அனுப்பி, 'இந்த எண்ணைப் பதிவு செய்துவிட்டீர்களா, எந்தத் தெரு வழியாக எத்தனை மணிக்குள் வர வேண்டும்' என்று எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். சில ஊர்களில் சாமான் இறக்குகிற நேரத்துக்கு மட்டும்தான் அனுமதி, அப்புறம் வண்டியை வெளியே கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

பிறகு அபராதம் வந்துவிட்டாலும் இந்தப் பதில் கையில் இருப்பது பெரிய பலம். நான் தங்கிய இடத்தில் வரவேற்பறையில் இருந்தவர் 'சரி சரி' என்று வாயால் சொன்னதோடு சரி. என்னிடம் காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

ஊர் திரும்பி எட்டு மாதம் ஆகிவிட்டது. இனிமேல் வராது என்று எடுத்துக்கொள்ளலாமா?

முடியாது. இத்தாலியில் குடியிருப்பவர்களுக்கு 90 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். வெளிநாட்டில் குடியிருப்பவர்களுக்கு அந்தக் கெடு 360 நாள். அதோடு, வாடகை வண்டி என்றால் நீங்கள் தெருவுக்குள் நுழைந்த தேதியிலிருந்து எண்ண மாட்டார்கள், ஓட்டியவர் நீங்கள்தான் என்று போலீஸுக்குத் தெரியவந்த தேதியிலிருந்துதான் எண்ணுவார்கள். ஆகவே பயணம் முடிந்து ஒன்றரை வருடத்துக்குள் எப்போது வந்தாலும் ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

தபால் வந்துவிட்டது. முதலில் என்ன செய்யட்டும்?

உறையைக் கிழித்துப் போடாமல், அதன் மேலேயே வந்து சேர்ந்த தேதியை எழுதுங்கள். கையெழுத்துப் போட்டு வாங்கியது யார் என்றும் எழுதுங்கள். இனி எல்லாக் கணக்கும் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும்.

எங்கள் வீட்டில் அப்பாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். வெளிநாட்டுத் தபால், முக்கியமானது என்று பத்திரமாக ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது இருக்கிற பைக்குள் வைத்துவிட்டார். நான் சென்னையிலிருந்து வந்து பார்த்தபோது பதினோரு நாள் போய்விட்டது, ஐந்து நாளுக்குள் கட்டினால் கிடைக்கிற சலுகையும் போயே போய்விட்டது. அப்பா வருத்தப்பட்டார். தவறு அவருடையது இல்லை, இப்படி ஒரு தபால் வரலாம் என்று வீட்டில் சொல்லி வைக்காதது என் தவறு. கார்டில் அந்தத் தொகை பிடித்த அன்றே வீட்டில் இருப்பவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் உள்ளே இருக்கிற தாளைப் படியுங்கள். 'வெர்பாலே' என்பதற்குப் பக்கத்தில் இருப்பது அபராத அறிக்கையின் எண். 'தார்கா' என்பது வண்டி எண். தேதி, நேரம், தெருப் பெயர், எந்தச் சட்டப் பிரிவு என்பதெல்லாம் இருக்கும். அந்தத் தேதியில் அந்த வண்டி உங்கள் கையில்தான் இருந்ததா என்று வாடகை ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வண்டியைத் திருப்பிக் கொடுத்த பிறகான நேரம் போட்டிருந்தால் அது உங்களுடையது இல்லை. பல நகராட்சிகளின் இணையதளத்தில் அறிக்கை எண்ணும் வண்டி எண்ணும் கொடுத்தால் கேமரா எடுத்த படத்தையே பார்க்கலாம், அதையும் பார்த்துவிடுங்கள்.

எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும்?

கட்டுப்பாட்டு மண்டலத்துக்குள் நுழைந்ததற்குச் சட்டத்தில் குறைந்தபட்சத் தொகை 83 யூரோ. தபால் கையில் கிடைத்து 5 நாளுக்குள் கட்டினால் அதில் 30 சதவீதம் குறையும், ஏறக்குறைய 58 யூரோ. ஆறாம் நாளிலிருந்து 60 நாள் வரை முழு 83. அறுபது நாளும் தாண்டிவிட்டால் அதிகபட்சத் தொகையில் பாதி, அதாவது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகிவிடும். தபால், நடைமுறைச் செலவு என்று ஒரு தொகை தனியாகச் சேரும், சலுகை அதற்குக் கிடையாது. எந்தத் தேதிக்குள் எவ்வளவு என்று தாளிலேயே அச்சிட்டிருப்பார்கள், நான் சொல்வதைவிட அதைத்தான் நம்ப வேண்டும்.

இரண்டு நாள் நுழைந்திருந்தால் இரண்டு அறிக்கை, இரண்டையும் தனித்தனியாகத்தான் கட்ட வேண்டும்.

இந்தியாவிலிருந்து எப்படிக் கட்டுவது?

கார்டில் கட்ட முடிந்தால் கார்டிலேயே கட்டுங்கள். பாகோபா என்பது இத்தாலிய அரசு அலுவலகங்களுக்குப் பணம் கட்டுகிற பொது ஏற்பாடு. தாளில் 18 இலக்க எண் ஒன்றும் கியூஆர் குறியும் இருந்தால் அந்த வழியில் விசா, மாஸ்டர்கார்டு எதிலும் கட்டலாம். சில நகராட்சிகள் வெளிநாட்டவர் அபராதத்தை வசூலிக்க நிவி மாதிரியான நிறுவனங்களிடம் ஒப்படைத்திருக்கின்றன, அப்போது அவர்களுடைய இணையதள முகவரி தாளில் இருக்கும்.

உட்காருவதற்கு முன்னால் ஒரு வேலை. உங்கள் வங்கியின் செயலியில் கார்டுக்கு வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். 2020-க்குப் பிறகு வழங்கிய கார்டுகளில் நாமாகத் திறந்துவிடாதவரை அது மூடித்தான் இருக்கும். ஐந்தாம் நாள் இரவு பதினொரு மணிக்குப் பணம் போகவில்லை என்று திண்டாடுவது இதனால்தான்.

வங்கி வழியாக அனுப்புவது இரண்டாவது வழி, எனக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது. போய்ச் சேர இரண்டு மூன்று நாள் ஆகும், அனுப்புகிற கட்டணமே அபராதத்தில் பாதி வந்துவிடும், வழியில் இருக்கிற வங்கி தன் பங்கை எடுத்துக்கொண்டால் நகராட்சிக்குப் போய்ச் சேருவது சில யூரோ குறைவாக இருக்கும். குறைவாகக் கட்டினால் அதைப் பாதிப் பணமாகத்தான் கணக்கில் வைப்பார்கள், மீதியைக் கேட்டு மறுபடி தபால் வரும். வேறு வழியே இல்லையென்றால், எல்லாக் கட்டணமும் அனுப்புகிறவர் பொறுப்பு என்று படிவத்தில் குறிக்கச் சொல்லுங்கள், காரணம் எழுதுகிற இடத்தில் அறிக்கை எண்ணையும் வண்டி எண்ணையும் மறக்காமல் போடுங்கள்.

மின்னஞ்சலில், வாட்ஸ்ஆப்பில் 'உடனே கட்டு' என்று இணைப்பு வந்திருக்கிறது. உண்மையா?

அதைத் தொடாதீர்கள். இந்த அபராத அறிவிப்பு உங்களுக்குக் காகிதத்தில்தான் வரும். அந்த இணைப்பை அழுத்தாமல், நீங்களே நகராட்சியின் தளத்துக்குப் போய் அந்த எண்ணைத் தட்டிப் பாருங்கள். உங்கள் வண்டி எண்ணும் பயணத் தேதியும் தெருப் பெயரும் இல்லாத எந்தச் செய்திக்கும் பணம் அனுப்ப வேண்டாம்.

மேல்முறையீடு செய்யலாமா?

செய்யலாம், இரண்டு வழி இருக்கிறது. ஒன்று பிரெஃபெட்டோ, அதாவது அந்த மாவட்டத்தில் மத்திய அரசின் பிரதிநிதி. 60 நாளுக்குள் எழுத வேண்டும், கட்டணம் இல்லை, பதிவுத் தபாலில் அனுப்பினால் போதும். ஆனால் அவர் நிராகரித்தால் குறைந்தபட்சத் தொகையைப் போல இரண்டு மடங்காவது கட்டச் சொல்வார். இன்னொன்று சின்ன வழக்குகளைப் பார்க்கிற ஜூடிச்சே டி பாச்சே என்ற நீதிபதி. அங்கே உள்ளூர்க்காரர்களுக்கு 30 நாள், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு 60 நாள். இந்த மாதிரி சிறிய தொகைக்கு நீதிமன்றக் கட்டணமே 43 யூரோ. எழுத வேண்டியது இத்தாலிய மொழியில்.

கவனிக்க வேண்டியது, பணம் கட்டிவிட்டால் மேல்முறையீடு கிடையாது. கட்டிவிட்டு வாதாடலாம் என்று நினைக்காதீர்கள்.

என் கருத்து இதுதான்: வண்டி உங்கள் கையில் இல்லாத நேரம், ஹோட்டல் எண்ணைப் பதிவு செய்ததற்கான எழுத்து, 360 நாள் கெடு தாண்டிய தேதி, இப்படிக் காட்டக்கூடிய ஒரு காகிதம் இருந்தால் தயங்காமல் போராடுங்கள். 'பலகை தெரியவில்லை, மொழி புரியவில்லை, வயதானவரை இறக்கிவிடப் போனேன்' என்பது மட்டும் என்றால் அந்த 5 நாள் சலுகையை விடாதீர்கள். அம்மாவின் முழங்காலைப் பற்றி நானும் ஒரு கடிதம் எழுதி வைத்திருந்தேன், அனுப்பவில்லை. பலகை அங்கே இருந்தது, நான் பார்க்கவில்லை.

கட்டாமலே விட்டுவிட்டால் என்ன ஆகும்? விசா கிடைக்காதா?

இதைத்தான் எல்லோரும் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள், அதனால் இருப்பதை இருக்கிறபடியே சொல்கிறேன். ஷெங்கன் விசா விண்ணப்பப் படிவத்தில் போக்குவரத்து அபராதம் பற்றிக் கேள்வி எதுவும் கிடையாது. இது குற்ற வழக்கும் அல்ல. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் ஒரு நாட்டு அபராதத்தை இன்னொரு நாடு வசூலித்துத் தர ஏற்பாடு உண்டு, இந்தியா அதில் இல்லை.

ஆனால் கடன் அப்படியே நிற்கும். 60 நாள் தாண்டினால் ஏறும், அதற்கப்புறம் வட்டி சேரும், அறிவிப்பு வந்த கடனுக்கு ஐந்து வருடம் வரை உயிர் உண்டு, நடுவில் அவர்கள் மறுபடி முறையாகக் கேட்டால் அந்த ஐந்து வருடம் புதிதாகத் தொடங்கும். ஜெர்மனியிலோ பிரான்ஸிலோ வேலை கிடைத்துக் குடியேறப் போகிறவர்கள் இதை விட்டுவிட்டுப் போவது நல்லதில்லை. கட்டுப்பாட்டு மண்டலத்துத் தெருக்கள் குறுகலானவை, எழுநூறு எண்ணூறு வருடக் கட்டடங்கள், அங்கே குழந்தைகளும் முதியவர்களும் நடந்து போகத்தான் அந்த விதியைப் போட்டிருக்கிறார்கள். தப்பு நம்முடையது என்றால் கட்டிவிடுவதுதான் சரி என்று நான் நினைக்கிறேன்.

ஓட்டியது நண்பர், தபால் வந்தது என் பெயருக்கு. எப்படி?

ஒப்பந்தத்தில் முதல் பெயர் உங்களுடையது, நிறுவனம் அதைத்தான் கொடுக்கும். மண்டல அபராதத்தில் நண்பர்களுக்குள் பேசிப் பிரித்துக்கொள்வதுதான் எளிது.

வேகத்துக்கு வந்திருக்கிறது, மண்டலத்துக்கு இல்லை. அதற்கும் இதே விதிதானா?

கெடுவும் சலுகையும் பெரும்பாலும் இதேதான், தொகைதான் வேறு. விரைவுச் சாலையில் 130, மழை பெய்தால் 110, ஊருக்கு வெளியே சாதாரணச் சாலையில் 90, ஊருக்குள் 50. அளந்த வேகத்தில் 5 சதவீதம், குறைந்தது 5 கிலோமீட்டர், கழித்துவிட்டுத்தான் கணக்கிடுவார்கள். அதற்கு மேல் 10 கிலோமீட்டர் வரை என்றால் 42 யூரோவில் தொடங்கும், 10 தாண்டி 40 வரை என்றால் 173 யூரோவில் தொடங்கும், இரவு பத்திலிருந்து காலை ஏழு வரை என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு கூடும். 40-ஐயும் தாண்டிவிட்டால் 5 நாள் சலுகையே கிடையாது. விரைவுச் சாலையில் 'டியூட்டர்' என்று ஒன்று இருக்கிறது, இரண்டு இடத்துக்கு நடுவே எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்துச் சராசரி வேகத்தைப் பிடிக்கும். கேமராவுக்கு முன்னால் மட்டும் பிரேக் போடுவது அங்கே பலிக்காது.

ஓட்டியவர் யார் என்று கேட்கிற படிவம் உறைக்குள் இருந்தால், பணம் கட்டிவிட்டோமே என்று விட்டுவிடாமல் 60 நாளுக்குள் அதையும் நிரப்பி அனுப்புங்கள். அனுப்பாததற்குத் தனி அபராதம் இருக்கிறது.

போலீஸ் நேரில் நிறுத்தினால்?

பாஸ்போர்ட், நம் ஊர் லைசென்ஸ், சர்வதேச ஓட்டுநர் அனுமதி, வாடகை ஒப்பந்தம் நான்கையும் கொடுங்கள். சர்வதேச அனுமதியை நம் ஆர்டிஓ அலுவலகத்தில் 1000 ரூபாய்க்குக் கொடுக்கிறார்கள், ஒரு வருடம் செல்லும். வாடகைக் கடையில் கேட்காமலே சாவி கொடுத்துவிடலாம், சாலையில் போலீஸ் கேட்பார். பக்கத்து நாட்டில் எடுத்த, இத்தாலியப் பதிவு இல்லாத வண்டி என்றால் அங்கேயே பணம் கட்டச் சொல்லும் விதி உண்டு. கட்டினால் ரசீது வாங்காமல் நகராதீர்கள்.

மிலானுக்குள் போனோம், அங்கேயும் இப்படியா?

மிலானின் நகர் மையத்தில் இருக்கிற கட்டுப்பாட்டு மண்டலமான 'ஏரியா சி' கொஞ்சம் வேறு. திங்கள் முதல் வெள்ளி வரை காலை 7.30 முதல் மாலை 7.30 வரை பெரும்பாலான கார்கள் கட்டணம் கட்டிவிட்டு உள்ளே போகலாம். 2023 அக்டோபர் இறுதியிலிருந்து அது 7.50 யூரோ. நுழைந்த மறுநாள் நள்ளிரவுக்குள் கட்டினாலும் செல்லும், மறந்தால்தான் அபராதம்.

அடுத்த முறை மாட்டாமல் இருக்க என்ன செய்தீர்கள்?

ஊருக்கு வெளியே நிறுத்தினோம். 2023-ல் அதே ஃபுளோரன்ஸுக்கு மறுபடி போனபோது, ஏ1 விரைவுச் சாலையிலிருந்தே நேராக உள்ளே திரும்புகிற வில்லா கொஸ்தான்சா வண்டி நிறுத்தத்தில் காரை விட்டுவிட்டு டிராம் ஏறினோம். டிராம் தரையோடு தரையாக நிற்கும், படி ஏற வேண்டாம். சாந்தா மரியா நொவெல்லா ரயில் நிலையம் பக்கம் இறங்கி அங்கிருந்து டாக்ஸி பிடித்து ஹோட்டல் வாசலில் அம்மாவை இறக்கினேன். டாக்ஸிக்குத்தான் உள்ளே போக அனுமதி உண்டே.

வண்டி எடுக்கும்போது முகவரியைக் கதவு எண், தெரு, பின்கோடு வரை முழுசாகக் கொடுத்தேன். முதல் முறை வெறும் தெருப் பெயரும் 'திருச்சி' என்றும் எழுதியிருந்தேன், அந்தத் தபால் எப்படியோ வந்து சேர்ந்தது தபால்காரர் எங்களைத் தெரிந்தவர் என்பதால். முகவரி தவறாக இருந்து தபால் அலைந்தால் சலுகை நாளும் போகும், மேல்முறையீட்டு நாளும் போகும். இன்னொன்று, கட்டிய ரசீது, அறிக்கையின் நகல், வாடகை ஒப்பந்தம் மூன்றையும் ஐந்து வருடத்துக்கு வைத்திருங்கள். என் நண்பர் ஒருவருக்குக் கட்டி இரண்டு வருடம் கழித்து 'கட்டவில்லை' என்று மறுபடி கடிதம் வந்தது. ரசீதை ஸ்கேன் செய்து, அறிக்கை எண்ணைத் தலைப்பில் போட்டு அனுப்பினார். மூன்றாம் நாள் முடித்துவைத்ததாகப் பதில் வந்தது.